பலகையிலே மதராஸ்

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தபொழுது நாம் முதலில் தயங்கினோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தரானவர் நாம். வருகைப் பதிவேடும் சரக்குக் கணக்கும் எழுதிப் பழகிய கைக்குச் சரித்திரம் எழுதும் தகுதி ஏது? ஆயினும், சரித்திரம் என்பது அரசர்களின் வரிசை மட்டுமன்று. காலையில் நாம் உண்ணும் இட்டிலிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை எழுதுவதற்குப் பசித்தவனுக்கும் உரிமை உண்டு என்ற துணிவில் முற்பட்டோம். குற்றம் இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

நாம் இந்நகருக்கு வந்தது 2003-ம் ஆண்டில். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு புனே நிலையத்தில் இறங்கியபொழுது மராட்டி மொழியில் ஒரு சொல்லும் அறியோம். ஒரு மாத காலம் வடா பாவும் மிசலுமே உணவு. அவை சுவையற்றவை என்று சொல்லமாட்டோம். ஆனால் நாக்கு வேறொன்றைத் தேடிக்கொண்டே இருந்தது. நம் வாட்டத்தைக் கண்ட மராட்டிய நண்பர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம்மைப் பெர்குசன் கல்லூரிச் சாலைக்கு அழைத்துச் சென்றார். அங்கே 'வைசாலி' என்னும் உணவுச்சாலையில் கூட்டத்தோடு காத்திருந்து, ஒருவாறு இடம் பிடித்து அமர்ந்தோம். இட்டிலியும் சாம்பாரும் வந்தன. "உன் ஊர்ச் சாப்பாடு; கூச்சமின்றிச் சாப்பிடு" என்றார் நண்பர். நாமும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "ஆம், எங்கள் ஊர்ச் சாப்பாடுதான்" என்றோம்.

நாங்கள் உண்டு எழுந்தபொழுது, மேசையைத் துடைக்க வந்த முதியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "தம்பி எந்த ஊர்?" என்று தமிழிலேயே வினவினார். கும்பகோணம் என்றோம். "ஐயாவுக்கு?" என்று கேட்டோம். "மங்களூர்ப் பக்கம். துளு பேசுகிறவர்கள் நாங்கள்" என்று சொல்லிச் சிறிதே முறுவலித்தார். சற்று முன் நாம் நிமிர்த்திய மார்பை அவர் பார்த்திருந்தார் போலும். அம்முறுவலின் பொருள் விளங்க நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதுவே இக்கட்டுரையின் வித்து.

எடுபிடிப் பையன்

வைசாலி உணவுச்சாலையைப் புகழுக்குக் கொணர்ந்தவர் ஜகந்நாத் ஷெட்டி என்பார். அவர் தென் கன்னட மாவட்டத்தில் பண்ட்வாலை அடுத்த ஒரு சிற்றூரில் 1932-ம் ஆண்டில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே ஊரை விட்டுக் கிளம்பி, பம்பாயை அடுத்த கல்யாணில் உறவினர் நடத்திய ஓட்டலில் வேலைக்கு அமர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1949-ல், பதினேழு வயது இளைஞராகப் புனேக்கு வந்தார்.

இரயில்வேயில் பணிபுரிவோர்க்குக் கல்யாண் சந்திப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பம்பாயிலிருந்து வரும் பாதை அங்கேதான் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று நாசிக் வழியே வடக்கே செல்லும். மற்றொன்று போர்க் கணவாய் ஏறிப் புனேக்கும், அதற்கு அப்பால் ராய்ச்சூர் வழியாகச் சென்னைக்கும் செல்லும். ஓட்டல் பையனாக இருந்த இளைஞர் இரண்டாம் பாதையில் ஏறினார். அது இந்நகரின் அதிருஷ்டம் என்றே சொல்லவேண்டும்.

அக்காலத்தில் பெர்குசன் கல்லூரிச் சாலை இன்றுபோல் கடைகள் நெருங்கியதாய் இருந்ததில்லை. 1885-ல் தோன்றிய கல்லூரியும், அதன் மாணவர்களும், ஆசிரியர்களின் பங்களாக்களுமே அதன் சிறப்பு. சாலையின் தொடக்கத்தில், டெக்கான் ஜிம்கானாவுக்கு அருகில், 1935-ல் தோன்றிய 'குட்லக்' என்னும் ஈரானியர் தேநீர்ச்சாலை இருந்தது, இன்றும் இருக்கின்றது. பன்னும் வெண்ணெயும் தேநீரும் அங்கே. அப்படிப்பட்ட சாலையில் 1950-களின் தொடக்கத்தில் ஜகந்நாத் ஷெட்டியின் கைக்கு வந்து வளர்ந்த உணவுச்சாலைகள் இரண்டு. ஒன்று இன்று 'ரூபாலி' என வழங்குகின்றது; மற்றொன்று 'வைசாலி'. பின்னர் 'ஆம்ரபாலி' என்பதொன்றும் சேர்ந்தது.

அன்பர்கள் இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். ரூபாலிக்கு முதலில் இருந்த பெயர் 'கஃபே மெட்ராஸ்'. வைசாலிக்கு முதலில் இருந்த பெயர் 'மெட்ராஸ் ஹெல்த் ஹோம்'. இரண்டு பலகைகளிலும் நம் தலைநகரின் பெயரே எழுதப்பட்டிருந்தது!

இதை முதன்முதல் அறிந்தபொழுது நமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. அடுத்த கணமே ஓர் ஐயமும் உண்டாயிற்று. துளு நாட்டில் பிறந்தவர், மராட்டிய நகரத்தில், ஓட்டலுக்கு ஏன் மதராஸ் என்று பெயர் வைக்க வேண்டும்? நம் பெயரை அவர்கள் இரவல் வாங்கினார்களா? அல்லது அவர்கள் உழைப்பை நாம் இரவல் வாங்கினோமா?

பெயரின் காரணம்

விடை தேடப் புகுந்தபொழுது நமக்குக் கைகொடுத்தவை இரண்டு: ஒன்று பழைய தேசப்படம், மற்றொன்று இரயில் பாதை.

தென் கன்னட மாவட்டம் வெள்ளையர் காலம் முதல் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. உடுப்பியும் மங்களூரும் பண்ட்வாலும் சென்னைக் கோட்டையிலிருந்தே ஆளப்பட்டன. 1956 நவம்பர் 1-ம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுதுதான் அம்மாவட்டம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. அதன் தென்கோடியான காசர்கோடு கேரளத்திற்குச் சென்றது. எனவே 1951-ல் ஒரு துளுவர் "நான் மதராஸ்காரன்" என்று சொல்லியிருந்தால் அதில் எள்ளளவும் பொய் இல்லை. கும்பகோணத்தார்க்கு இருந்த உரிமை அவருக்கும் இருந்தது.

இனி இரயில் பாதை. மங்களூருக்கு முதன்முதல் இரயில் வந்தது 1907-ல். அப்பாதை எங்கே சென்றது? பம்பாய்க்கன்று. கோழிக்கோடு, பாலக்காடு வழியாகச் சென்னைக்குச் சென்றது. மேற்குக் கடற்கரையை ஒட்டிப் பம்பாய் வரை நேராக இரயில் ஓடுவதற்கு 1998-ம் ஆண்டு, கொங்கண் இரயில்வே முற்றுப்பெறும் வரை, தொண்ணூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரையில் பம்பாய் செல்ல விரும்பிய துளுவர் கப்பலேறியோ, மலைத்தொடரைக் கடந்து கன்னட நாட்டு இரயிலைப் பிடித்தோதான் சென்றனர். சென்னைக்கோ ஒரே வண்டித் தடம். ஆகவே உடுப்பிச் சமையல் பெரும் புகழ் எய்திய இடங்களில் சென்னை முன்னிற்பதில் வியப்பில்லை.

சென்னையில் ஒரு கிருஷ்ண ராவ்

சென்னையில் அப்புகழை நாட்டியவர்களுள் தலைசிறந்தவர் கே. கிருஷ்ண ராவ். உடுப்பியைச் சார்ந்த கடந்தலே என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சமையற்கட்டில் எடுபிடியாகத் தம் வாழ்க்கையைத் தொடங்கியவர். சென்னைக்கு வந்து, ஜார்ஜ் டவுனில் ஆச்சாரப்பன் தெருவில் சிறிய சிற்றுண்டிச்சாலை நடத்தினார். பின்னர் மவுண்ட் ரோட்டில் 'உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ்' என்பதை நிறுவினார். 1938-ல் இராயப்பேட்டையில் 'வுட்லண்ட்ஸ்' என்ற பெயர் கொண்ட ஒரு மாளிகையைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதியாக்கினார். மாளிகையின் பெயரே ஓட்டலின் பெயராயிற்று. அதன்பின் நியூ வுட்லண்ட்ஸ் தோன்றியது. 1962-ல் கதீட்ரல் சாலையில் மர நிழலில் காரை நிறுத்தி, காரிலேயே அமர்ந்து உண்ணும் 'டிரைவ்-இன்' தோன்றியது. அது 2008-ல் மூடப்பட்டது. இன்று அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கின்றது.

மாவாட்டும் கல்லின் முன்னே அமர்ந்திருந்தவரின் பெயர் சென்னையின் சரித்திரத்தில் இடம்பெற்றது இவ்வாறு. இதே காலத்தில் பெங்களூரில் 1924-ல் பரம்பள்ளி யக்ஞநாராயண மையரும் உடன்பிறந்தோரும் தொடங்கிய சிற்றுண்டிச்சாலை, பின்னர் 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்' என்று புகழ்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் 1942-ல் பர்மா ஜப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அத்தட்டுப்பாட்டில் அரிசிக்குப் பதிலாக ரவையைக் கொண்டு இட்டிலி செய்து பார்த்தவர்கள் தாங்களே என்பது அந்நிறுவனத்தாரின் கூற்று. அதே 1942-ல், பம்பாய் மாதுங்கா நிலையத்தருகே ஏ. ராமா நாயக் 'உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்' என்பதைத் தொடங்கினார். வேலை தேடிப் பம்பாய்க்கு வந்த தென்னாட்டுப் பிரமசாரிகளில் எத்தனை பேர் அவ்விலையில் கை நனைத்தார்களோ, கணக்கில்லை. நம் குடியிருப்பில் உள்ள மூத்தோர் சிலரும் அவர்களுள் அடங்குவர்.

சமையற்கட்டே பள்ளிக்கூடம்

இத்தனை பேர் ஒரு சிறு மாவட்டத்திலிருந்து ஏன் கிளம்பினார்கள்? உடுப்பிக் கிருஷ்ணன் கோயிலை மத்வாசாரியார் 13-ம் நூற்றாண்டில் நிறுவினார் என்பர். அதைச் சூழ்ந்த எட்டு மடங்களும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறி மாறிப் பூசைப் பொறுப்பை ஏற்கின்றன. பொறுப்பேற்கும் மடத்தார் வருவோர்க்கெல்லாம் அன்னமிடுவர். ஆயிரம் பேருக்கு உப்பும் புளியும் பிழையாமல் சமைக்கும் வித்தை அவ்வூரில் இவ்வாறு வேரூன்றியது. மற்றொரு காரணம் வறுமை. நிலம் சிறிது, குடும்பம் பெரிது, மழைக்காலத்தில் வெள்ளம். முதலில் சிவள்ளி அந்தணரும், அவரை அடுத்துப் பண்ட் சமூகத்தாராகிய ஷெட்டிகளும் பிற வகுப்பாரும் இத்தொழிலில் இறங்கினார்கள்.

தொழிலைக் கற்பித்த முறையும் அறியத்தக்கது. ஊரிலிருந்து வரும் பையன் முதலில் எச்சில் தட்டுக் கழுவுவான். பிறகு காய் நறுக்குவான், மாவாட்டுவான். 1950-களில் கோயமுத்தூரில் மின்சார மாவரைக்கும் இயந்திரம் பிறக்கும் வரை, ஓட்டலுக்கு வேண்டிய மாவு முழுவதும் கையாலேயே ஆட்டப்பட்டது. உழுந்து எவ்வளவு நேரம் ஊறவேண்டும், மாவு எந்தப் பதத்தில் பொங்கவேண்டும், புனேயின் மார்கழிக் குளிரில் பானையை எங்கே வைத்தால் புளிக்கும் என்பவற்றைப் புத்தகமா சொல்லும்? கைதான் சொல்லவேண்டும். அதன்பின் அவன் பரிமாறுவான். எட்டு மேசைகள் கேட்டதை ஏட்டில் குறியாமல் நினைவில் வைத்துச் சமையற்கட்டிற்குக் குரல் கொடுப்பான். கடைசியாகக் கல்லாவில் அமர்வான். பத்து ஆண்டுகளில் தொழிலின் எல்லாப் படிகளையும் மிதித்தவன், உறவினரோடு கூட்டுச் சேர்ந்து தனியே ஒரு கடை திறப்பான். தன் ஊரிலிருந்து வேறு பையன்களை அழைத்துக்கொள்வான். இவ்வாறு ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது. பம்பாயில் ஓட்டல் பையன்களுக்காகவே கன்னட இரவுப் பள்ளிகளும் நடந்தன. பகலில் தட்டுக் கழுவி இரவில் எழுத்துக் கற்று முன்னேறியவர் பலர்.

கதையின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. 3 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த பையன்களில் முதலாளியானவர் சிலரே. மற்றவர்கள் சமையற்கட்டுப் புகையிலேயே முதுமை எய்தினார்கள். விளையாட வேண்டிய வயதில் விறகு சுமந்த அப்பிள்ளைகளின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. பதினான்கு வயதுக்குட்பட்டவரை ஓட்டல்களில் வேலைக்கு வைத்தல் கூடாதென்று 2006-ல்தான் தடை வந்தது. ஒருவர் உயர்ந்த கதையைப் பாராட்டுங்கால், உயராமற்போன தோள்களையும் நினைத்துக்கொள்ளல் நன்று.

கொண்டதும் கொடுத்ததும்

நிற்க. வைசாலியின் வெற்றிக்குக் காரணம் யாது? நம் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் காரணம் இரண்டு.

முதலாவது, இடத்தை அறிந்தமை. கல்லூரி வாயிலுக்கு அருகே கடை. மாணவனுடைய சட்டைப் பையில் உள்ள காசுக்கு வயிறு நிறையவேண்டும். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு நண்பரோடு உரையாடவும் இடம் வேண்டும். இன்று அங்கே மாணவராக அமர்வோரின் தந்தையும் பாட்டனாரும் அதே மேசைகளில் அமர்ந்தவர்களாய் இருக்கக்கூடும்.

இரண்டாவது, பிடிவாதம் இன்மை. சாம்பாரும் தோசையும் பிறந்த வீட்டுச் சீதனம். ஆனால் புகுந்த வீட்டு வழக்கத்தையும் அவர் ஏற்றார். அவ்வுணவுச்சாலையில் மிகப் பெயர்பெற்ற பண்டங்களில் ஒன்று யாது தெரியுமா? 'எஸ்.பி.டி.பி.' என்று மாணவர் செல்லமாக அழைக்கும் சேவ், உருளைக்கிழங்கு, தயிர்ப் பூரி. அது தென்னாட்டுப் பலகாரமே அன்று! மதராஸ் என்று பலகை தொங்கிய கடை மராட்டியரின் நாக்கையும் அறிந்து நடந்தது. வேற்றூரில் வாழ்வோர்க்கு இதில் பாடம் இருக்கின்றது.

கொள்வதும் கொடுப்பதும் நமக்கும் மராட்டியர்க்கும் புதியனவல்ல. புனே, சிவாஜியின் தந்தை ஷாஜியின் ஜாகீராக இருந்த ஊர். அந்த ஷாஜியின் மற்றொரு மகனாகிய ஏகோஜி 1670-களில் தஞ்சையைக் கைப்பற்ற, அவர் மரபினர் 1855 வரை அங்கே இருந்தனர். தஞ்சை அரண்மனைச் சமையற்கட்டில் சாம்பாஜியின் பெயரால் சாம்பார் பிறந்ததென்று கூட ஒரு கதை வழங்குகின்றது. அது சான்றில்லாத கதையே. எனினும் அக்கதையை விரும்பிச் சொல்பவர்களில் நம் மராட்டிய நண்பர்களும் இருக்கின்றார்கள். இங்கிருந்து அவர்கள் தஞ்சைக்குச் சென்றார்கள். தஞ்சைப் பக்கத்திலிருந்து நாம் இங்கே வந்தோம். காட்கி வெடிமருந்துச்சாலையும், படைக் கணக்கு அலுவலகமும், இரயில்வேயும் நம்மவர்க்கு வேலை தந்தன. துளுவர் நம் எல்லோர்க்கும் இலை போட்டார்கள்.

காலம் மாறிற்று. 1956-ல் தென் கன்னடம் மைசூரோடு சேர்ந்தது. 1969-ல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடாயிற்று. 1996-ல் மதராஸ் நகரமும் சென்னை என்னும் பெயர் பூண்டது. பெர்குசன் கல்லூரிச் சாலையில் இரு பலகைகளிலும் இருந்த அப்பெயரும் மறைந்தது. ஆயினும் சுவை மறையவில்லை. 2023 நவம்பரில் ஜகந்நாத் ஷெட்டி தம் 91-ம் வயதில் காலமானபொழுது, ஒரு நகரமே தன் இளமையை நினைத்துக் கலங்கியது. செய்தித்தாள்களில் அவரைப் பற்றி வந்தவற்றை நாம் அலுவலகத்தில் படித்துக்கொண்டிருந்தோம். இருபது ஆண்டுகளுக்கு முன் நம்மை அங்கே அழைத்துச் சென்ற மராட்டிய நண்பர், இப்பொழுது ஓய்வு பெற்றவர், தொலைபேசியில் அழைத்து, "உன் ஊர்க்காரர் போய்விட்டாரே" என்று துக்கம் விசாரித்தார். "அவர் எங்கள் ஊர்க்காரர் அல்லர்" என்று திருத்த வாய் எழுந்தது. பிறகு, "ஆம் ஐயா, போய்விட்டார்" என்றோம். அன்று அச்சொல்லில் பொய் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

நம் வீட்டுச் செய்தி

இவ்வளவும் எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதை மறைத்தால் இக்கட்டுரை உப்பில்லாப் பண்டமாகும்.

நம் மூத்த மகன் சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேறினான். எந்தப் படிப்புக்கு மனுச் செய்யலாம் என்று நாம் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபொழுது, "சமையற்கலை படிக்க விரும்புகின்றேன், அப்பா" என்றான். "கரண்டி பிடிக்கவா உன்னை இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தேன்?" என்று கேட்டோம். நண்பர் வீட்டில் என்ன சொல்வார்கள், நாளை பெண் கொடுப்பார்களா என்றெல்லாம் பேசினோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு மாத காலம் வீட்டில் தந்தையும் மகனும் முகம் பார்த்துப் பேசவில்லை.

ஒருநாள் இரவு நம் இல்லாள் சோறு பரிமாறிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் கலாசியாகத் தண்டவாளத்தில் நின்றபொழுது, உங்கள் தகப்பனார் ஊரிலே தலைகுனிந்து நடந்தாரா?" என்றார். நாம் விடை கூறவில்லை. நம் தகப்பனார் அன்று நடந்துகொண்ட விதம் நமக்கு நன்கு நினைவிருந்தது. மகனுக்கு மத்திய சர்க்கார் வேலை என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர் அவர். சம்மட்டி பிடித்த மகனைக் கண்டு அவர் நாணவில்லை. கரண்டி பிடிக்க விரும்பும் மகனைக் கண்டு நாம் நாணினோம்.

அந்நாட்களில்தான் நம் நாட்டார் ஒருவரைப் பற்றிய செய்தி வந்தது. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கிராமத்தில் வேளாண் குடும்பத்தில் வளர்ந்தவர் விஜயகுமார். பொறியியல் படிக்கப் பணவசதி இன்மையால் சமையற்கலை பயிலச் சென்றவர். சென்னையில் ஓட்டலிலும், பின்னர்ப் பயணக் கப்பலிலும் வேலை பார்த்து அமெரிக்கா சென்றவர். நியூயார்க் நகரில் 2021-ல் தொடங்கப்பட்ட 'செம்ம' என்னும் உணவுச்சாலையின் தலைமைச் சமையற்காரர் அவரே. இளமையில் வயல்வரப்பில் பொறுக்கி உண்ட நத்தையை அங்கே பிரட்டலாகச் சமைத்துப் பரிமாறுகின்றார். 2022-ல் அந்த உணவுச்சாலைக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025-ல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்டு விருது அவருக்கு அளிக்கப்பட்டது. வேட்டி அணிந்து மேடையேறி அவர் அவ்விருதைப் பெற்ற படத்தை நம் மகன் கொணர்ந்து காட்டவில்லை; நாமேதான் அவனிடம் காட்டினோம். மாதக் கணக்கில் பேசாதிருந்தவர்களுக்கு அந்தப் படம் ஒரு சாக்காயிற்று.

எல்லாப் பிள்ளைகளும் நியூயார்க்குக்குச் செல்லப்போவதில்லை. எல்லா எடுபிடிப் பையன்களும் ஜகந்நாத் ஷெட்டி ஆகிவிடவும் இல்லை. அதனால் நாம் சொல்லவருவது, சமையற்காரரானால் புகழ் வரும் என்பதன்று. புகழ் வந்தாலும் வாராவிடினும் அத்தொழில் மதிப்புடையது. அதை இழிவென்று எண்ணியவர் உண்டவர்களாகிய நாம்தான், சமைத்தவர்கள் அல்லர் என்பதே. வேற்று நாட்டில் நமக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவற்றுள் முதன்மையானது எது? நம் இலக்கியத்தை அறிந்த மராட்டியர் சிலர். நம் கோயில்களைக் கண்டவர் சற்று மிகுதி. ஆனால் இட்டிலியை அறியாதவர் எவருமில்லை. நம் பெருமையைத் தெருத்தோறும் கொண்டு சென்றது ஆட்டுக்கல். அதைச் சுற்றிய கை நம்முடையதன்று. துளு நாட்டுக் கை அது.

ஒரு விண்ணப்பம்

ஆகவே, சங்கத்தின் செயற்குழுவினர்க்கு நாம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறோம். ஆண்டு விழாவில் தலைவர்க்கும் சிறப்பு விருந்தினர்க்கும் பொன்னாடை போர்த்துகின்றோம். நடனமாடிய குழந்தைகளுக்குப் பரிசு வழங்குகின்றோம். பின்னர் எல்லோரும் பந்தியில் அமர்ந்து, சாம்பார் நன்று, பாயசத்தில் சிறிது சர்க்கரை மிகுதி என்றெல்லாம் பேசி உண்டு எழுகின்றோம். விடியற்காலை மூன்று மணிக்கே வந்து, பந்தலுக்குப் பின்னே அடுப்பு மூட்டியவர்களின் பெயர் நம்மில் யாருக்கேனும் தெரியுமா? நமக்குத் தெரியாது. பல ஆண்டுகளாக உண்டும் நாம் கேட்டதில்லை.

இவ்வாண்டு முதல் அவர்களையும் மேடைக்கு அழைப்போம். தமிழரோ, துளுவரோ, மராட்டியரோ, யாராயினும் ஆகுக. அவர்கள் பெயரைக் கேட்டு அறிந்து, ஒலிபெருக்கியில் கூறி, ஒரு பொன்னாடை போர்த்துவோம். செலவு பெரிதன்று. முதற் பொன்னாடையை வாங்கித் தரும் பொறுப்பை நாமே ஏற்கிறோம்.

நம் மகன் இவ்வாண்டு சமையற்கலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். விழா நாளன்று பந்தியில் அவனைத் தேடவேண்டா. அடுப்பங்கரையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான். சாம்பாரில் குறை இருப்பின் அவனிடம் தயங்காமல் சொல்லுங்கள், கற்றுக்கொள்ளட்டும். நன்றாக இருப்பின், அதையும் அவனிடமே சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!